கையோடு போன பீஸ் கட்டை

ஊரைவிட்டுக் கிளம்புகிறவள் வீட்டு மெயினை அணைத்துவிட்டுப் போவதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். மரக்காணம் பக்கம் வந்து பாருங்கள், தெரியும். உப்பளத்துக் காற்றில் சும்மா கிடக்கிற இரும்பு ஒரு வாரத்தில் துருவேறிப் பூட்டிக்கொள்ளும். அதனால் வெளியூர் போகிறவர்கள் மெயினை அணைப்பதில்லை. ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, சாவியைப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீடும் இருட்டாகக் கிடக்காது. நல்ல வழக்கம்தான். அந்தச் சொந்தக்காரர் கலியபெருமாளாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கலியபெருமாள், இப்போது ஊருக்குக் கிளம்புகிற தெய்வநாயகிக்குக் கொழுந்தன். அவள் புருஷன் சகாதேவன் உயிரோடிருந்த காலத்திலேயே, ஒரே குடும்பம்தானே என்று அண்ணன் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்துத் தன் பெட்டிக்கடைக்கு விளக்குப் போட்டுக்கொண்டான். சகாதேவன் போய்ச் சேர்ந்த பிறகு விளக்கோடு ஃபிரிட்ஜும் சேர்ந்துகொண்டது. அப்புறம் மழையில் நனைகிறது என்று உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்து அவளுடைய பின்னறையில் அடுக்கினான். மழை நின்றது, மூட்டை போகவில்லை. போன வாரம் அவள் அளத்திலிருந்து திரும்பியபோது, அவள் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த அறையில் மாவு மிஷின் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமாவது ஒன்றாவது.

மகளைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. தெய்வநாயகிக்கு என்று மிச்சம் இருப்பது அந்த இரண்டு அறையும் பின்பக்கத்துக் கீற்றுச் சமையல்கட்டும்தான். சாவியும் கரண்டும் ஒரு வாரம் அவன் கைக்குப் போனால் திரும்பி வரும்போது வீடு அவனுடையது. இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு அந்த ஒயர் கீற்றுமேல் படுத்துக்கொண்டு போகிறது. போன மழையில் ஒட்டுப்போட்ட இடத்தில் பொறி பறந்து கீற்று பற்றிக்கொண்டது. அவள் வீட்டில் இருந்ததால் மண்ணை வாரி இறைத்து அணைத்தாள். அவன் வந்து அதே இடத்தில் இன்னும் நாலு சுற்று டேப் ஒட்டிவிட்டுப் போனான்.

இப்போது அவள் போகிறாள். சுனாமிக்கு அடுத்த மழைக்காலம் அது. பாத்தி எல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன, அளத்தில் வேலை இல்லை. உப்பு வாருகிற பெண்கள் வருஷம் முழுக்கச் சீட்டுப் போட்டு ஒரு வேன் பேசியிருந்தார்கள். கொடைக்கானல்.

தெய்வநாயகி டிவி பிளக்கைப் பிடுங்கினாள். மிக்சியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு வேஸ்லின் டப்பாவோடு வாசல் சுவரிலிருந்த மெயின் போர்டுக்கு வந்தாள். அங்கே கலியபெருமாள் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா அண்ணி, மெயின்ல கை வைக்கிறீங்க? கடையில ஃபிரிட்ஜ் ஓடிக்கினு இருக்குது."

"வீட்ல ஆள் இல்ல, மழை காலம். அணைச்சிட்டுத்தான் போவேன்."

"துரு புடிச்சிப் பூட்டிக்கும். அப்புறம் திரும்பப் போடவே முடியாது."

அவள் டப்பாவைத் திறந்து காட்டினாள். "இதைத் தடவிட்டுப் போறேன். அளத்துக்குப் போறப்ப கால்ல தடவறதுதான். இருபது வருசமா உப்புத் தண்ணியில நிக்கிறேன், என் காலு பூட்டிக்கல. இதுவும் பூட்டிக்காது."

துருப் பேச்சு பலிக்காத ஆண்பிள்ளை என்ன செய்வான்? வேறு பக்கம் பாய்ந்தான்.

"அண்ணன் போயி மூணு வருசம் ஆகல, உனக்கு டூர் கேக்குதா? கோயிலுக்குப் போறேன்னு சொன்னாலும் ஒரு மரியாதை."

'நீங்க' போய் 'உனக்கு' வந்துவிட்டதை அவள் கவனித்தாள். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"கோயிலுக்குப் போவல தம்பி. ஏரியில போட்டுல உக்காந்து சுத்தப் போறேன். நல்லா சாப்பிடப் போறேன். நவுரு."

அவன் நகரவில்லை. போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றான். "சாவிய குடுத்துட்டுப் போ. இல்லன்னா எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவள் பையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ பாத்துக்கினே இரு. நானும் இருக்கறேன்."

ஹாரன் இன்னும் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அப்புறம் வேனிலிருந்த பெண்கள் மொத்தமாக இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த மங்கம்மா, தெய்வநாயகியோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள். விஷயத்தைக் கேட்டாள். கலியபெருமாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா கலியா, மீட்டருக்குக் காவல் வேலையா? சம்பளம் யாரு குடுக்கறாங்க?"

"இது குடும்ப விசயம். உங்களுக்கு இன்னா வேலை இங்க?"

"எங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, மழை காலந்தானே" என்று மங்கம்மா வாசலிலேயே சம்மணம் போட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வழிக்குக் கட்டிக்கொண்டு வந்த புளிசாதப் பொட்டலங்கள் அங்கேயே பிரிந்தன. தெரு கூடிவிட்டது. ஒருத்தி சோற்றை மென்றுகொண்டே மேலே கை நீட்டினாள்.

"ஏங்க்கா, அந்த ஒயரு எங்க போவுது?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மீட்டரிலிருந்து கீற்றுக்கு, கீற்றிலிருந்து வேலிக்கு, வேலியிலிருந்து கடைக்கு என்று அத்தனை கண்ணும் ஒயரோடு போய், கடைசியில் கலியபெருமாள் முகத்துக்கு வந்து நின்றன. அவன் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மெல்ல ஓரடி விலகினான்.

அந்த ஓரடி போதும் அவளுக்கு. எழுந்து மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். கடையில் ஃபிரிட்ஜ் ஒரு முக்கு முக்கிவிட்டு அடங்கியது. பீஸ் கட்டைகளைப் பிடுங்கினாள், இரும்பும் செம்பும் தெரிகிற இடத்திலெல்லாம் வேஸ்லின் தடவினாள், கட்டைகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். இனி யார் மெயினைத் தூக்கிவிட்டாலும் கரண்ட் வராது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினாள். மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு இருந்ததில்லை.

"மூட்டைய வந்து பாத்துக்கறேன் தம்பி. ஆள வெச்சித் தெருவுல எறக்கிடுவேன்" என்றாள்.

கலியபெருமாள் கடைப்பக்கம் திரும்பித் தன் பெண்சாதியைக் கூப்பிட்டான். "ரேணுகா, நீயாச்சும் வந்து கேளுடி. கடையில அத்தினியும் சூடாப் போவப்போவுது."

ரேணுகா வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. ஃபிரிட்ஜிலிருந்த கலர் பாட்டில்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். புருஷனைத் தாண்டிப் போய், புளிசாதம் தின்று விக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தாள்.

"இன்னாடி பண்றே?"

"நீங்கதான சொன்னீங்க, சூடாப் போவுதுன்னு. கூலிங்கா இருக்கும்போதே குடிக்கட்டும்."

கடைசி பாட்டிலைத் தெய்வநாயகி கையில் கொடுத்தாள். அப்போதும் அங்கேயே நின்றாள்.

"அக்கா, அடுத்த வருச சீட்டுல என் பேரையும் சேத்துக்கங்க" என்றாள், புருஷன் காதில் விழும்படியாக.