மூன்றாம் இலக்கக் கருவி

11 பெப்ரவரி 2024, ஞாயிறு

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். மூன்றாம் இலக்கக் கருவியை மீட்டரில் வைத்தபடியே வெளியே கொடுத்துவிட்டேன்.

நாட்குறிப்பு எழுதும்போது, படிப்பவருக்கு நம்மைத் தெரியாது என்று நினைத்து எழுதும்படி மாலை வகுப்பில் சரோஜாதேவி டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகவே கருவியைப் பற்றி முதலில் எழுதுகிறேன். நான் வேலை செய்வது கோல்ஃப் கிளப்பில், சாமான் கொடுக்கும் கவுண்டரில். ஒன்பது குழி உள்ள சிறிய மைதானம். சுற்றிலும் தேயிலை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் எங்கள் வீடு. எங்களிடம் கையில் பிடிக்கிற ஜீ.பி.எஸ். தூரமானிகள் மூன்று இருக்கின்றன. ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான். நாம் நிற்கும் இடத்திலிருந்து, குழி இருக்கும் புல்தரையின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று காட்டும். எண்கள் பெரியவை. பக்கத்தில் கடுகு போல ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘வை’ என்றால் யார். ‘எம்’ என்றால் மீட்டர். கெஜத்தை இங்கே எல்லோரும் யார் என்றுதான் சொல்வார்கள்.

நேற்று வந்த ஜெர்மன் தம்பதி மீட்டரில் வேண்டும் என்றார்கள். மாற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் பழையபடி மாற்ற மறந்தேன். இன்று அதைக் கஜேந்திரன் சார் எடுத்துப் போனார். ஹட்டனில் லொறிகள் வைத்திருப்பவர். விளையாட வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய பையைத் தூக்கியது என் அண்ணன் ஜீவராஜ்.

ஒன்பதாம் குழி கிளப் விறாந்தைக்கு நேர் முன்னால் இருக்கிறது. பந்து ஓர் ஓடையைத் தாண்டிப் புல்தரையில் விழ வேண்டும். அண்ணன் கருவியைப் பார்த்து நூற்று இருபத்தெட்டு என்று சொன்னான். அவர் அடித்தார். பந்து ஓடையில் விழுந்தது. இன்னொன்று அடித்தார். அதுவும் ஓடையில். புள்ளி எழுதும் அட்டையில் நூற்று நாற்பது யார் என்று அச்சிட்டிருப்பதை, அவரோடு ஆடியவர் ஒருவர் எடுத்துக் காட்டினார்.

“லயத்துப் பயலுக்கு நம்பர் வாசிக்கவா தெரியும்?” என்றார் கஜேந்திரன் சார்.

“மெசின்ல அதான் இருந்துச்சுங்க,” என்றான் அண்ணன்.

கன்னத்தில் அறைந்தார். பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பிச் சொன்னார்: “பை தூக்குறவனுக்குக் கேடின்னு சும்மாவா பேரு வச்சான் வெள்ளக்காரன்?”

விறாந்தையில் பதினொரு பேர் இருந்தார்கள். ஏழு பேர் சிரித்தார்கள். நான் எண்ணினேன்.

அண்ணனின் முப்பத்தோராம் இலக்கத் தகட்டைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். தகடு இல்லாமல் கேடி வேலை செய்ய முடியாது.

13 பெப்ரவரி, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல.

அடி விழுந்த பிறகு கருவி கவுண்டருக்குத் திரும்பி வந்தது. அதில் ‘எம்’ இருப்பதைப் பார்த்தேன். ஒரு பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் ‘வை’ ஆகிவிடும். அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் கிளப் செயலாளர் வந்தார். அண்ணன் சொன்னதைச் சரிபார்க்கத்தான் வந்தார். கருவி ‘வை’ காட்டியது. மெசினில் பிழை ஏதும் இருந்ததா என்று சிங்களத்தில் கேட்டார். “ஹரி, சேர்” என்றேன், சரியாக இருக்கிறது என்று. அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகுதான் தகட்டைக் கழற்றினார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே என்னைக் காப்பாற்றுகிற வாக்கியங்கள். வெட்டிவிட்டேன்.

27 பெப்ரவரி, செவ்வாய்

அண்ணன் லயத்தை விட்டு இறங்குவதில்லை. மலைநீர் விழும் குழாயான பீலிக்குத் தண்ணீருக்குப் போனால், பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். மார்ச் பதினைந்தாம் தேதி கொழும்புக்கு ஒரு துணிக்கடைக்குப் போகப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டான். அங்கே கடை மேல்தட்டில் பத்துப் பேரோடு படுக்க வேண்டும். அவனுக்குப் பிடித்தது இந்த மைதானம்தான். எந்தக் குழிக்கு எந்த மட்டை என்று தூக்கத்திலும் சொல்வான். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, அடுப்புக்கு முன்னால் இருந்தபடி, அந்தக் கஜேந்திரனின் அப்பா எங்கள் தோட்டத்து ஐந்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவர்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

கஜேந்திரன் சார் ஞாயிறு தவறாமல் வருகிறார். போன ஞாயிறு கவுண்டரில் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஒங்க அண்ணன் இப்ப ஒண்ணு ரெண்டு படிக்கப் போறானாமா?”

“இல்லீங்க சார்,” என்று சிரித்தேன். சிரித்ததற்காக அன்று முழுக்க என் வாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் தகடு வரும். ஆனால் அவருக்கு என்ன ஆகும்? மெசின் பிழை, பாவம் பயல் என்பார். தேநீர் குடிப்பார். அந்த ஏழு பேரும் அவருடன் குடிப்பார்கள். எனக்கு அது போதாது. அதே விறாந்தைக்கு முன்னால், அதே ஓடைக்கரையில், அவர் தனியாக நிற்க வேண்டும்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அண்ணனுக்குப் பிறகு அவர் கருவியைக் கேடிகளிடம் கொடுப்பதில்லை. தானே பிடித்துத் தானே வாசிக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிடுவார். பெரிய எண் தெரியும். சின்ன எழுத்து தெரியாது. இதை இரண்டு ஞாயிறு பார்த்து உறுதி செய்துகொண்டேன். மீண்டும் பந்து ஓடையில் விழுந்தால் அறைவதற்குப் பக்கத்தில் ஒரு கன்னம் இருக்கக்கூடாது. பிடிப்பதும் வாசிப்பதும் அவரே என்றால் இருக்காது.

7 மார்ச், வியாழன்

வேலை முடிந்து வகுப்புக்குப் போகுமுன் ஒன்பதாம் குழியின் தொடக்கத்தில் கருவியோடு நின்று பார்த்தேன். புல்தரையின் நடுப்பகுதி யாரில் நூற்று நாற்பது. மீட்டரில் நூற்று இருபத்தெட்டு. பிறகு ஓடைவரை நடந்து அளந்தேன். ஓடை தொடங்குவது நூற்று இருபத்துநான்கு யாரில். முடிவது நூற்று முப்பத்திரண்டில். நூற்று இருபத்தெட்டை யார் என்று நம்பி, அந்தத் தூரத்துக்குச் சரியாக அடித்தால், பந்து தண்ணீரின் நடுவில் விழும். எவ்வளவு நன்றாக அடிக்கிறாரோ அவ்வளவு நிச்சயமாக விழும். மற்ற எட்டுக் குழிகளில் தண்ணீர் இல்லை; பந்து கொஞ்சம் முன்னால் விழுந்தால் தன் அடியைத்தான் நொந்துகொள்வார்.

பிழையாக அளந்துவிட்டேனோ என்று பயம் வந்தது. திரும்பவும் நடந்தேன். அதே எண்கள்தான்.

வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் பிந்தினேன்.

10 மார்ச், ஞாயிறு

இன்று மாதாந்தப் போட்டி. எட்டு மணிவரை பனி மூட்டம். ஏழு நாற்பதுக்குக் கஜேந்திரன் சார் வந்தார். மூன்றாம் இலக்கத்தை ‘எம்’மில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்.

அவரோடு ஆடியவர் பாலச்சந்திரன் சார். யாழ்ப்பாணத்துக்காரர். வங்கி மேலாளர். தூரம் காட்டுகிற கைக்கடிகாரம் கட்டியிருப்பார். இந்த ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. பையைத் தூக்கியது மாயாண்டி. அவன் வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள்.

பத்தே காலுக்கு ஒன்பதாம் குழிக்கு வந்தார்கள். நான் ஒரு பையைத் துடைப்பதுபோல் விறாந்தை ஓரத்தில் நின்றேன். அங்கே பதினான்கு பேர் இருந்தார்கள். கஜேந்திரன் சார் கருவியைப் பார்த்தார், மட்டையைத் தேர்ந்தார், அடித்தார். அழகான அடி. நேராகப் போய் ஓடையின் நடுவில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அவர் மட்டையைப் பார்த்தார், பிறகு மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். மூன்றாவது பந்தும் விழுந்ததும் மாயாண்டி வானத்தைப் பார்த்தபடி சொன்னான்: “ஓடைக்கு இன்னிக்குப் பொங்கல் போலருக்கு.”

விறாந்தை முழுதும் சிரித்தது. இந்தத் தடவை நான் எண்ணத் தேவையில்லை.

 எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். வேறு எப்படி எழுதினாலும் பொய்.

அதற்குப் பிறகு நடந்தது என் திட்டத்தில் இல்லாதது. பாலச்சந்திரன் சார் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கஜேந்திரன் சாரின் கருவியை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

“உது மீற்றர் எல்லோ,” என்றார். “யார் இல்லை.”

“யாரு இல்ல?” என்று கஜேந்திரன் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடியும் சிரிப்பு.

விஷயம் விளங்கியதும் அவர் நேரே கவுண்டருக்கு வந்தார். பின்னால் பாலச்சந்திரன் சார். சத்தம் கேட்டுச் செயலாளரும் வந்தார். விறாந்தையில் இருந்தவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். கஜேந்திரன் சார் கருவியை மேசையில் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். இந்தப் பெண்ணுக்கு மெசினைப் பற்றி ஒன்றும் தெரியாது, இது இன்றைக்கு மட்டும் நடந்ததல்ல, என்னை இரண்டு முறை நாசமாக்கிவிட்டாள் என்றார்.

“அன்னிக்கும் இதே மெசின். அன்னிக்கும் நூத்தி இருபத்தெட்டுதான் காட்டிச்சு!”

சொல்லி முடித்த பிறகும் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.  கேட்டேன்.

“அப்ப எங்க அண்ணன் சரியாத்தானே வாசிச்சிருக்காரு, சார்?”

 பாலச்சந்திரன் சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பொடியன் இருந்ததைத்தானே வாசிச்சவன், கஜேந்திரன்,” என்றார். “நீர் அவனுக்கு ஏன் அடிச்சனீர்?”

செயலாளர் சிங்களத்தில் கேட்டார்: அன்று கருவி காட்டிய எண் என்ன? கஜேந்திரன் சார் வாயைத் திறந்தார், மூடினார். செயலாளர் திரும்பவும் கேட்டார். நூற்று இருபத்தெட்டு என்று கஜேந்திரன் சார் மெதுவாகச் சொன்னார். அந்த எண்ணை அண்ணன் சொன்னபோது அடி. அவரே சொல்லும்போது பதினான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தேநீர் குடிக்கவும் இருக்கவில்லை. சமையல் நடக்கும் குசினிப் பக்கத்து வழியால் காருக்குப் போனார்.

செயலாளர் அலமாரியைத் திறந்து முப்பத்தோராம் இலக்கத் தகட்டை என் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம், ஒரே கருவியில் இரண்டு தடவை கவனயீனம் என்றார். நாளைக் காலை விளக்கக் கடிதம் வேண்டும், எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். அன்று தான் பார்த்த ‘வை’யைப் பற்றி அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தகட்டை அண்ணனிடம் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓடையில் விழுந்த மூன்று பந்துகளையும் சொன்னேன். மாயாண்டி சொன்னதைக் கேட்டு அண்ணன் சிரித்தான். நான்கு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்துச் சிரிக்கிறான். பிறகு சிரிப்பு நின்றது.

“அன்னிக்கு மெசின் திரும்பி வந்தப்ப நீ பாத்தியா?”

“பாத்தேண்ணே. மாத்திட்டேன்.”

தகட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அவன் அடிச்சது ஒரு செகண்டு,” என்றான். “நீ நாலு கிழமை தெரிஞ்சுக்கிட்டே எனக்குச் சோறு போட்டிருக்க.”

“அதுக்குத்தாண்ணே அவர…”

“அவன விடு. அது நல்லா இருக்கு. நான் ஒன்னையச் சொல்றேன்.”

 கொழும்புக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். லயத்துப் படிகளில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். பீலியைக் கடந்துதான் போனான்.

இப்போது மாலை ஆறரை. கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கவனயீனத்தால் நேர்ந்தது, இனி நேராது என்று எழுதினால் கவுண்டர் வேலை எனக்கு இருக்கும். ஆனால் அப்படி எழுதினால் கஜேந்திரன் சாருக்கு வாழ்நாள் முழுதும் ஒரு ஆறுதல் இருக்கும். ஏதோ ஒரு விளங்காத லயத்துப் பெண் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டாள் என்று. அந்த ஆறுதலை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. யார் செய்தது, ஏன் செய்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அண்ணனுக்கு நான் செய்ததும் அதே தாளில் இருக்க வேண்டும். அதை மட்டும் விட்டால் இது பழி அல்ல, மறைப்பு. தகட்டுக்கு இனி ஆபத்தில்லை. அண்ணன் வாசித்தது சரி என்பதைக் கஜேந்திரன் சார் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. திரும்பவும் அதே நாள் வந்தால் திரும்பவும் ‘எம்’மில்தான் வைப்பேன் என்பது மட்டும் தெரிகிறது.

கடிதத்தில் நான்கு வரிகள். பெப்ரவரி 11: மீட்டரில் விட்டது தவறு. அன்றே மாற்றி மறைத்தது தெரிந்து செய்தது. “ஹரி, சேர்” என்றது பொய். மார்ச் 10: தவறு அல்ல.

நாளை காலை ஏழரைக்குக் கடிதத்தின் இரண்டு பிரதிகளையும் கொண்டுபோய்ச் செயலாளரிடம் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு முன் மூன்று கருவிகளையும் யாருக்கு மாற்றி, சார்ஜில் போட வேண்டும்.