காப்பி டப்பாவில் கலந்துபோன தகடுகள்

“இறக்காதேன்னு சொன்னேன்ல! யாரைக் கேட்டுடா இறக்கின?”

“இறக்கினாத்தானே தெரியும்? கூரையிலேயே தொங்கவிட்டு அழகு பாக்கச் சொல்றியா?”

“அழகா? போய்க் கதவைச் சாத்திப் பாரு. தெரியும் உன் அழகு!”

லோவலின் ஷெட்டிலிருந்து வந்த இந்தச் சத்தம் சோளக்காடு தாண்டிக் கேட்டது. காரின் பாடியைத் தாங்கிப் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் மூன்று பேரும் டோனட்டைத் தின்றுகொண்டிருந்தோம்.

கத்தியவர் லோவலின் அண்ணன் வெர்லின். வண்டி அவருடையது, 1950 ஷெவர்லே, நாலு கதவு. சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. ஜூலை கடைசியில் கண் பரிசோதனை. அதோடு லைசென்ஸ் போய்விடும் என்று அவருக்கே தெரியும். அதற்கு முன்னால், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் இந்த வண்டியைத் தானே ஓட்டிவிட வேண்டும். கேட்டது அந்த ஒன்றுதான்.

பெயின்ட் அடித்த பாடியை செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, அடிச்சட்டமான சேஸி மேல் இறக்கினோம். போல்ட் எல்லாம் ஓட்டையில் சரியாக விழுந்தது. லோவல் சிரித்துக்கொண்டே பின்கதவைத் தள்ளினான். அது பாதியில் முட்டி நின்றது. அந்தப் பக்க முன்கதவில் மேலே விரல் போகிற அளவு சந்து.

“தகடு எங்கடா?” என்றார் வெர்லின்.

சேஸிக்கும் பாடிக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் தகடு வைப்பார்கள். ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் மூன்று, ஓரிடத்தில் ஒன்றுமே இருக்காது. கதவு சரியாக மூடுவது அதில்தான் இருக்கிறது. பாடியைக் கழற்றும்போது வெர்லின் அந்தந்த இடத்துத் தகட்டைக் கம்பியில் கோத்து, அந்தந்த ஓட்டையிலேயே கட்டி வைத்திருந்தார். அண்ணனுக்குப் புதுசு போல இருக்கட்டும் என்று லோவல் கம்பியை எல்லாம் வெட்டி, தகடுகளைத் துரு நீக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரே காப்பி டப்பாவில் போட்டுவிட்டான்.

வெர்லின் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

“நல்லா பளபளன்னு இருக்குமே?” என்று கேட்டார்.

“இருக்கு” என்றான் லோவல்.

“எனக்குத்தான் கண்ணு தெரியலைடா. நீயே பாத்துக்கோ.”

லோவல் நாலு தகடு எடுத்துச் செருகினான். பின்கதவு இன்னும் இறங்கியது. இரண்டை உருவினான். முன்கதவு மூடிக்கொண்டது, எதிர்ப்பக்கக் கதவு திறக்க மறுத்தது. மறுபடி செயினை இழுத்தோம், மறுபடி இறக்கினோம். மத்தியானத்துக்கு மேல் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. கடைசித் தடவை லோவல் ஆத்திரத்தில் கதவை இடித்துச் சாத்தினான். டப்பென்று ஒரு சத்தம்.

“என்னடா அது?”

“ஒண்ணுமில்ல வெர்லின்.”

வெர்லின் தடவிக்கொண்டே வந்தார். சந்தின் அளவு பார்க்க இப்போதெல்லாம் அவருக்குக் கட்டைவிரல்தான். மேலிருந்து கீழே வந்த விரல், பச்சைப் பெயின்ட் சில்லாகப் பெயர்ந்த இடத்தில் நின்றது. லோவல் தரையைப் பார்த்தான்.

“ஊர்வலத்துல யாரும் கிட்ட வந்து பாக்க மாட்டாங்க” என்றார் வெர்லின். “கதவு மட்டும் மூடட்டும். ஓட்டும்போது திறந்துக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

பாடி இப்போது மறுபடி செயினில் தொங்குகிறது. லோவல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறான். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாடியை ஒருநாளும் கழற்றாத இதே மாதிரி வண்டி இதைப் படிக்கிற உங்களில் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கீழே படுத்து, எந்த போல்ட்டில் எத்தனை தகடு என்று பார்த்து எழுதுங்கள். வண்டிக்கு வண்டி மாறும் என்று தெரியும். இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கதவிலிருந்து ஆரம்பிப்பது என்றாவது சொல்லுங்கள். ஜூலை நாலுக்கு முன்னால் சொல்லுங்கள்.