அகஸ்டின் சாரின் சராசரி வேகம்

சாந்தோமில் அகஸ்டின் சாரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய காரின் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். யுத்தம் முடிந்து சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனுஷனுக்கு எதற்கு இந்த வண்டி என்று ஊர் கேட்டது. அவரும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் சாவியைத் திருப்பியதும் வரும் அந்த உறுமலைக் கேட்டால் கேள்வியே மறந்துபோய்விடும்.

வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. சாப்பாட்டு மேஜையில் ரசக் கிண்ணத்தை மலைப்பாதை வளைவாக வைத்து, உப்புச் சாடியை ஓட்டிக் காட்டுவார். எங்கே கியரைக் குறைக்கணும், எங்கே பிரேக்கைத் தொடவே கூடாது, எல்லாம் சொல்லுவார். சீமையிலிருந்து வந்த பழைய மோட்டார் பத்திரிகைகளைப் படித்துப் படித்து அட்டை கிழிந்துபோயிருந்தது.

ஒரே ஒரு குறை. இத்தனை பேசுகிறவர் அந்த வண்டியை இருபத்தெட்டு மைலுக்கு மேல் ஓட்டியதே இல்லை. முள் இருபத்தைந்தைத் தொட்டாலே காலைத் தளர்த்திவிடுவார். "என்ஜின் இன்னும் பழகல" என்பார். மூன்று வருஷமாகப் பழகாத என்ஜின்! அது என்ஜின் இல்லை, தன் குலைநடுக்கம்தான் என்று அவருக்கே நன்றாகத் தெரியும். அதை வெளியே சொல்ல அவருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

அவர் மனைவி ஃப்ளோராவுக்கு வண்டியைக் கண்டாலே ஆகாது. மழைக்காலம் முழுவதும் வண்டி முன்கூடத்தில் நிற்கும். சோபா வராந்தாவில் நனையும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் தனியாகப் போவாள். கேட்கிறவர்களுக்கு எல்லாம், "அவர் வண்டிக்கு அடியில படுத்து ஜெபம் பண்றார்" என்பாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம், தேனாம்பேட்டையில் இருந்த ஒரு சிறிய மோட்டார் சங்கத்தார் 'தார் ரோடு ராலி' என்று ஒரு போட்டி அறிவித்தார்கள். அகஸ்டின் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வரைக்கும் போய்விட்டார்.

ஃப்ளோரா அதை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"சரி, போங்க. கப்பு வாங்கிட்டு வந்தா இந்த வண்டி இங்கயே இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். வாங்கலேன்னா வித்துடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அகஸ்டின். சொன்ன பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. அந்த வண்டியை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது அவருக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஆனால் போட்டி விதியைப் படித்ததும் தெம்பு வந்துவிட்டது. முந்தி வருகிறவனுக்குப் பரிசு இல்லை. சங்கத்து வாசலில் கிளம்பி செங்கற்பட்டுக்கு முப்பது மைல் போக வேண்டும், அதே முப்பது மைல் திரும்ப வேண்டும். முழு ஓட்டத்துக்கும் சராசரி வேகம் மணிக்கு முப்பது மைல். அதற்கு யார் மிகக் கிட்டத்தில் வருகிறாரோ அவருக்குக் கப்.

"இது ரேசே இல்ல ஃப்ளோரா, கணக்கு! கணக்குல என்னை ஜெயிக்க மெட்ராஸ்ல யார் இருக்கா?"

ஒவ்வொரு வண்டியிலும் கடிகாரம் பார்க்க இன்னொருவர் வரவேண்டும் என்பது விதி. அகஸ்டின் தன் மெக்கானிக் மெஹபூப் அலியைக் கூப்பிட்டார். மெஹபூப் அலி கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"வண்டியை ஓட வைக்கிறது நம்ம வேலை சார். அதுல குந்திக்கினு வர்றது நம்மால ஆகாது. நீங்க ஓட்டற ஓட்டுக்கு நமக்குத் தூக்கம் வந்துரும். அம்மாவை இட்டுக்கினு போங்க."

ஆகவே சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, மடியில் கடிகாரத்தோடு ஃப்ளோராவே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிளம்பியது என்னவோ அமர்க்களமாகத்தான் கிளம்பியது. சைதாப்பேட்டைக்குள் மாட்டு வண்டிகள். கிண்டியில் லெவல் கிராசிங். அதெல்லாம் தாண்டி ரோடு வெறிச்சென்று நீண்டு கிடந்தபோதும் முள் இருபதை விட்டு அதிகம் நகரவில்லை. கிராசிங்கில் போன நேரத்தைச் சரிக்கட்ட மட்டும் கொஞ்ச தூரம் இருபத்துமூன்று வரைக்கும் போய்விட்டு, மறுபடி இருபதுக்கே இறங்கிவிட்டார். ஒவ்வொரு வண்டியாக அவர்களைத் தாண்டிப் போயிற்று. மைலாப்பூர் வக்கீல் சுப்பராமன் தன் பெரிய கறுப்புக் காரிலிருந்து கையை வேறு ஆட்டினார்.

"ஏங்க, எல்லாரும் போறாங்களே" என்றாள் ஃப்ளோரா.

"போகட்டும். போகும்போது இருபது, வரும்போது நாப்பது. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா என்ன? முப்பது. அவ்வளவுதான் விஷயம்."

"நாப்பதுல ஓட்டுவீங்களா?"

வெறும் ரோட்டில் அகஸ்டின் ஹாரனை ஒரு தரம் அடித்தார்.

சரியாக மூன்றரைக்குச் செங்கற்பட்டு. அங்கே சங்கத்து ஆள் நேரத்தைச் சீட்டில் குறித்துக்கொண்டார். வண்டியைத் திருப்பி நிறுத்தி, அகஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மிதித்தார்.

முப்பது. முப்பத்தைந்து. நாற்பது! அம்மாடி! புளியமரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. காற்று காதைப் பிய்த்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்வையில் வழுக்கியது. பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு மேலே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். முள் நாற்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

பல்லாவரம் தாண்டும்போது ஃப்ளோரா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, மணி நாலு."

"சரி."

"ரெண்டு மணிக்குக் கிளம்பினோம். அறுபது மைல், முப்பது மைல் வேகம்னா, இப்ப நாம தேனாம்பேட்டையில இருக்கணுமில்ல? இன்னும் பத்து மைல் இருக்கே."

அகஸ்டினுக்கு முதலில் புரியவில்லை. அடுத்த நொடி புரிந்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. அறுபது மைலுக்கு மொத்தமே இரண்டு மணி நேரம். அதில் ஒன்றரை மணியைப் போகும்போதே தின்றாகிவிட்டது. மிச்சம் அரைமணி. அரைமணியில் முப்பது மைல் என்றால் வருகிற வழியெல்லாம் அறுபதில் வந்திருக்க வேண்டும். இருபதையும் நாற்பதையும் கூட்டிப் பாதியாக்கக் கூடாது என்பது நான்காம் பாரத்துக் கணக்கு. இருபது வருஷமாக இதை அவர் சொல்லிக் கொடுத்து வருகிறார். கூட்டிப் பாதியாக்கின அத்தனை பையன்களுக்கும் முட்டை போட்டு, பெஞ்சு மேலே ஏற்றினவரும் அவர்தான். அதே குழியில் குப்புற விழுந்திருக்கிறார், அதுவும் மணிக்கு நாற்பது மைல் வேகத்தில்.

"அறுபதுல வந்திருக்கணும் ஃப்ளோரா" என்றார், குரல் கம்மி. "கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்."

ஃப்ளோரா அவரை ஒரு தரம் பார்த்தாள். கடிகாரத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஏச மனசு வராது.

நாலேகால் மணிக்குச் சங்கத்து வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே கரும்பலகையில் முடிவுகள் எழுதிக்கொண்டிருந்தார் சங்கத்துச் செயலாளர் வால்டர். முப்பது வயது, தேயிலைக் கம்பெனியில் உத்தியோகம், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அகஸ்டினிடமே படித்தவர். கணக்கில் மட்டும் எப்போதும் தகராறு. அகஸ்டின் ஒரு மூலையில் நாற்காலி தேடி உட்கார்ந்து, வண்டியை வாங்க யார் கிடைப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

"முதல் பரிசு, அகஸ்டின் சார்!" என்றார் வால்டர்.

கை தட்டினார்கள். அகஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலகையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. போகும்போது இருந்த வேகத்தைத் தனியாகவும் வரும்போது இருந்த வேகத்தைத் தனியாகவும் வால்டர் எழுதி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கியிருந்தார். எல்லாருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தொன்பது, முப்பத்தொன்று என்று முன்னே பின்னே இருக்க, அகஸ்டினுக்கு மட்டும் சுத்தமாக முப்பது.

உண்மையைச் சொல்லிவிடணும் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அப்படியே எச்சிலோடு விழுங்கினார். வண்டி இருக்கும். ஃப்ளோரா வாய் திறக்க மாட்டாள். தப்பு அவருடையதா? வால்டருடையதுதானே? வேடிக்கை பார்க்க வந்திருந்த மெஹபூப் அலி கூட்டத்தில் எம்பி எம்பிக் கை தட்டினான். சங்கத்துத் தலைவராக இருந்த ஒரு துரை வெள்ளிக் கப்பைக் கையில் எடுத்தார். அகஸ்டின் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். ஃப்ளோராவின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

சும்மா இருந்திருக்கலாம் அந்த வால்டர். பெருமை தாங்கவில்லை போலிருக்கிறது. துரையிடம் இங்கிலீஷிலும் மற்றவர்களிடம் தமிழிலும் உரக்கச் சொன்னார்:

"இருபதும் நாப்பதும் கூட்டிப் பாதியாக்கினா முப்பது, ஒரு மயிரிழை பிசகல! இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அகஸ்டின் சார்தான்!"

அகஸ்டினுக்குக் காது சூடாகிவிட்டது. திருட்டுப் பரிசு வாங்கின டிரைவர் என்று பேர் வந்தால் வரட்டும், துடைத்துவிட்டுப் போய்விடலாம். இந்தக் கணக்கை இப்படிச் சொல்லிக் கொடுத்தவர் என்றா? வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"வால்டர்! பலகையை அழி!"

அடுத்த நிமிஷம் சாக்கட்டி அவர் கையில் இருந்தது. போக ஒன்றரை மணி. வர முக்கால் மணி. மொத்தம் இரண்டேகால். அறுபது மைலை இரண்டேகாலால் வகுத்தால் இருபத்தாறு சொச்சம்.

"முப்பதா இது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், வேகத்தைக் கூட்டாதே, நேரத்தைக் கூட்டுன்னு!"

வால்டர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அடடே... இப்பத்தான் சார் புரியுது."

அந்த ஒரு வார்த்தையில் அகஸ்டின் குளிர்ந்துபோனார். பதினைந்து வருஷம் கழித்துப் பையனுக்குப் புரிந்துவிட்டது! சாக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டியபோதுதான், தட்டிவிட்டது சாக்கட்டிப் பொடி மட்டுமில்லை என்று நினைவு வந்தது. எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டார்கள். கப் சுப்பராமனுக்குப் போயிற்று. அகஸ்டின் கடைசி.

"இன்னா சார் இது, கைக்கு வந்ததை நீங்களே தட்டி வுட்டுட்டீங்களே!" என்று மெஹபூப் அலி தலையில் அடித்துக்கொண்டான்.

"வண்டியை வாங்க ஒரு ஆள் பாரு" என்றார் அகஸ்டின்.

வீடு திரும்பும்போது கதீட்ரல் ரோடு வழியாக மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓட்டினார். வேண்டாம், விற்காதீங்க என்று ஃப்ளோரா சொல்வதற்கு அவகாசம் கொடுக்கிறாராம். அவள் சொல்லவில்லை. அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவளே இல்லை. கடற்கரைச் சாலைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது; ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஏங்க" என்றாள். "பல்லாவரத்துல சொன்னீங்களே, அறுபதுன்னு. விக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை போங்களேன். நானும்தான் பாக்கறேன்."

அகஸ்டின் மறுபடி சிலுவை போட்டுக்கொண்டார். மிதித்தார். கடல் ஒரு பக்கம் நீலமாகக் கலங்கி ஓடியது. முள்ளைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. ஃப்ளோராதான் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்கார்ஃப் பறந்தே போய்விட்டது. அவள் அதைப் பிடிக்கக்கூட இல்லை.

"அறுபது!" என்று கத்தினாள். "அறுபதுங்க!"

அவர் காலை எடுத்தார். சாந்தோம் கோவில் முன்னால் வண்டி நின்றது. ஃப்ளோரா கலைந்த தலையோடு, சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

வழியில் ஒரு ஃபர்லாங் கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும், அதாவது மைலில் எட்டில் ஒரு பங்கு தூரத்துக்கு, அவர் பழக்கதோஷத்தில் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்திருந்தார். பத்து விநாடி. அறுபது மைல் வேகமானால் ஏழரை விநாடிதான் ஆகவேண்டும். பத்து விநாடி என்றால் நாற்பத்தைந்து.

"அறுபதா?" என்றார் அகஸ்டின்.

"அறுபதேதான். நான்தானே பாத்தேன்" என்றாள் ஃப்ளோரா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப சரி" என்றார் கணக்கு வாத்தியார்.