கலர் அப்படியே இருக்கு

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் சொட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. எங்கள் படம் அச்சிடும் கடையில், பிரிண்டர் தொட்டியில் மை ஊற்றி முடித்ததும் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழும்வரை தவம் நிற்பார். வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருப்பார், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். சொட்டு விழுந்த பிறகுதான் அவருக்கு உலகம் கண்ணுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட மனுஷனிடம் ஓர் ஏஜென்ட் வந்து, பிரிண்டர் கம்பெனி மையும் தான் விற்கிற மையும் ஒரு தாய் பிள்ளைகள், லேபிள்தான் வேறு என்று சொன்னால் என்ன ஆகும்? நூறு வருஷம் நிறம் மங்காது என்று வேறு அவன் சத்தியம் செய்தான். அவனுக்கே முப்பது வயது இருக்காது, நூறு வருஷத்தை எங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான் என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்றார் இவர். அலமாரி நிறையப் பாட்டில்கள் வந்து இறங்கின.

எங்கள் மகள் மட்டும் நம்பவில்லை. படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி, நிறம் பார்த்து, அச்சுக்கு அனுப்புகிற வேலை அவளுடையது. எந்தப் புது மை வந்தாலும் அவளிடம் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஒரு முகமும் சில நிறப்பட்டைகளும் உள்ள துண்டை அச்சிடுவாள். அதில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு வெயில் அடிக்கிற கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள். இரண்டு மூன்று மாதம் போனபின் அட்டையை உரித்தால், மூடியிருந்த பாதிக்கும் வெயில் தின்ற பாதிக்கும் உள்ள வித்தியாசம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். இந்த மைக்கும் ஒரு துண்டு ஒட்டினாள். ஆனால் உரிக்கிற நாள் வருவதற்குள் அவளுடைய கல்யாணம் வந்துவிட்டது.

கல்யாணப் படத்தை நாங்கள்தான் அச்சிட்டோம். இரண்டு குடும்பமும் வரிசையாக நிற்க, நடுவில் சிவப்பு உடையில் என் பெண். நல்ல காகிதம், நல்ல சட்டம், நல்ல கண்ணாடி. மை மட்டும் அந்த மை. தொட்டி நிறைய இருப்பதைக் கொட்டிவிட்டு வேறு மை ஊற்ற இவருக்கு மனசு வருமா?

படத்தைச் சம்பந்தி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்த அன்று சம்பந்தியம்மா ஹால் சுவரைக் காட்டினார். பெரிய ஜன்னலுக்கு நேர் எதிரில், மூத்த மகனின் கல்யாணப் படம் மாட்டியிருந்த இடம். அதை மாடிக்கு மாற்றிவிடுவோம், இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் இனிமேல் சின்ன மருமகள்தான் முதலில் பட வேண்டும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தச் சுவரில் வெயில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்தான். சந்தோஷத்தில் அது மூளைக்கு ஏறவில்லை.

கோடை முடிகிற சமயத்தில் கடைக் கண்ணாடியைத் துடைத்தபோது மகள் ஒட்டிய துண்டு கையில் அகப்பட்டது. அட்டையை உரித்தேன். மூடியிருந்த பக்கத்தில் முகம் முகமாக இருந்தது. வெயில் பட்ட பக்கத்தில் சிவப்பு துடைத்தெடுத்த மாதிரி போயிருந்தது. மஞ்சளும் பாதிக்குமேல் காலி. ஒரே முகத்தில் ஒரு கன்னம் கல்யாணப் பெண்ணுடையது, மறு கன்னம் பாசி பிடித்த தொட்டிச் சுவர்.

இவரிடம் காட்டினேன். கடைக் கண்ணாடியில் நேர் வெயில், வீட்டுக்குள் அப்படி அடிக்காது, அதுவும் சட்டத்தில் கண்ணாடி இருக்கிறது என்று வக்கீல் மாதிரி பேசினார். பேசினாரே தவிர, அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

நடுவில் நிற்கிற என் பெண்ணின் சிவப்பு போய், இரண்டு குடும்பமும் பச்சைப் பேய்களாக அந்த ஹாலில் தொங்கினால் யாருக்கு அவமானம்? படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இது யார் கடை வேலை என்று கேட்பார்கள். மருமகளின் அப்பா கடை என்று பதில் வரும். அவள் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்? உடனே மகளுக்குப் போன் போட்டேன். துண்டு வெளுத்த கதையைச் சொல்லி, அங்கே படம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்தில் சம்பந்தியம்மா தொண்டையைச் செருமுவது கேட்டது.

"கலர் அப்படியே இருக்கும்மா" என்றாள் மகள்.

சிவப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். சிவப்பும் அப்படியேதான் என்றாள். ஹாலில்தானே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஹால்லதாம்மா. கலர் அப்படியே இருக்கு."

நான் நம்பவில்லை. அந்த வெயிலில் அந்த மை நிற்காது. எனக்கே தெரிகிறது, மையைக் கரைத்துக் குடித்தவள் அவள், அவளுக்குத் தெரியாதா? மாமியார் காதுபடப் பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பூசி மெழுகுகிறாள் என்று முடிவு கட்டினேன். என் பெண்ணின் நல்ல மனசை நினைத்துக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாராவாரம் அதே கேள்வியைக் கேட்டேன். வாராவாரம் அதே பதில் வந்தது. வேறு ஏதாவது கேட்டேனா என்றால், கேட்டேன். சாப்பிட்டாயா என்றேன், ஆயிற்று என்றாள். கம்ப்யூட்டரில் வேலை ஆரம்பித்தாயா என்றேன், ஆரம்பிக்கணும் என்றாள். கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் வீட்டிலிருந்தே படம் திருத்தலாம் என்று அவர்களே வாய் திறந்து சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பிள்ளைப்பூச்சி, வேலை என்று பாதி நாள் வெளியூர். எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது, படம் ஒன்றுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் நடந்தால் கண்ணில் படுவதெல்லாம் வெளுத்த படங்கள். பல் டாக்டர் விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணுக்கு ஈறு நீலமாகியிருந்தது. சலூன் வாசலில் மாடல் பையன்களுக்கு உதடே இல்லை. இத்தனை நாள் இந்தத் தெருவில்தான் நடந்தேன், இப்போதுதான் ஒவ்வொன்றும் என்னைப் பார்த்து, அடுத்து உங்கள் வீட்டுப் படம்தான் என்றது. கடையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் கண்ணாடியில் இருக்கிற துண்டைப் போய்ப் பார்ப்பேன். கூண்டுக்குள் வெள்ளெலி மாதிரி ஓடாதே என்று இவர் சொன்னார். மையை வாங்கியவர் சொல்லலாமா என்று கேட்டேன்.

கடைசியில் மானம் ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனேன். அவர்களும் படம் அச்சிடுகிறவர்கள்தான், ஆனால் அங்கே இருப்பது பிக்மென்ட் மை. எங்களுடையது தண்ணீரில் கரைத்த சாயம், அது அப்படியல்ல, நுணுக்கிப் பொடித்த நிறம், வெயிலுக்குச் சுலபத்தில் மசியாது. அதே படத்தை அதே அளவில் அச்சிட்டுக் கொடுங்கள் என்றேன். எதிர்க்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, உங்க கடையில மை தீர்ந்துபோச்சா அக்கா என்று விசாரித்தார். ஆமாம் தம்பி, சொட்டுகூட இல்லை என்றேன்.

அச்சான படத்தைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுக்கொண்டேன். சட்டம் இளகியிருக்கிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி, மகளின் அறைக்கு எடுத்துப்போய், ஓசைப்படாமல் பழையதை உருவிப் புதியதைச் செருகிவிடலாம் என்பது திட்டம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் மரியாதையாக இருக்காது என்று இவர் முந்தின நாளே சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து, நான் வருவதைச் சொல்லிவிட்டார்.

பஸ் முழுக்கக் குழாயை மடியிலேயே வைத்திருந்தேன். மடியில் கனம், வழியெல்லாம் பயம். பக்கத்தில் இருந்த பெண் என்ன அது என்று கேட்டாள். படம் என்றேன். யார் படம் என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஹாலில் மத்தியான வெயில் பாய் விரித்திருந்தது. சம்பந்தியம்மா வாசலுக்கே வந்து, வாங்க சம்பந்தி, வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். சுவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முதலில் தரையைப் பார்த்தேன். அப்புறம் நாற்காலியை. அப்புறம்தான் தலையைத் தூக்கினேன்.

படம் நெருப்பு மாதிரி இருந்தது. அச்சு எந்திரத்திலிருந்து இப்போதுதான் வழுக்கிக்கொண்டு வந்த மாதிரி. என் பெண்ணின் சிவப்பில் ஓர் இழை குறையவில்லை. ஒவ்வொரு முகத்திலும் ரத்தம் ஓடியது.

நெஞ்சுக்குள் இருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. சொட்டு, நீ ஜெயித்துவிட்டாய், உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று மனசுக்குள் கொண்டாடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. ஏதோ இடித்தது. எங்கள் கடைக் கண்ணாடியில் பாசி பிடித்த அந்தக் கன்னம் கண்முன் வந்தது. அதே மை, அதே வெயில். அங்கே போனது இங்கே மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும்?

எழுந்து பக்கத்தில் போனேன். சுவர் வெளிர் நீலம். ஆனால் படத்தின் சட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு கை அகலத்துக்கு அடர்ந்த நீலம், வெயிலே காணாத நீலம். எங்கள் படத்தைவிடப் பெரிய படம் ஒன்று, மாடிக்குப் போவதாகச் சொன்ன மூத்த மகனின் படம்தான், வருஷக்கணக்காக அங்கே தொங்கியிருக்கிறது. அதை இறக்கி ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

மகள் காபி கொண்டுவந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளுக்குப் பின்னால் அவளுடைய அறைக் கதவு திறந்திருந்தது. நாங்கள் சீராக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர், கடையில் கட்டிய கட்டுகூடப் பிரியாமல், அட்டைப் பெட்டியிலேயே கட்டிலுக்கடியில் இருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கலர் அப்படியே இருக்குல்லம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காபி கையில் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. வாராவாரம் இவள் மையைப் பற்றியா சொன்னாள்? சாயம் வெளுக்காமல் இருந்தே ஒரு வீட்டின் சாயம் வெளுத்துப்போயிற்று.

டம்ளரை வைத்துவிட்டுச் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினேன். கோபத்தில் எனக்குக் குரல் உயராது, தாழ்ந்துபோகும்.

"இது மட்டமான மை சம்பந்தி. இந்த வெயில்ல இத்தனை மாசம் இருந்திருந்தா இந்நேரம் எல்லா மூஞ்சியும் பச்சையா ஆயிருக்கணும். எப்ப மாட்டினீங்க, நேத்தா, இன்னைக்குக் காலைலயா?"

சம்பந்தியம்மா அசரவில்லை. ஒரு நொடிதான் யோசித்தார். வெயில் பட்டால் போய்விடும் என்று உங்கள் மகள்தான் சொன்னாள், அதனால்தான் பத்திரமாகப் பீரோ மேலே சுற்றி வைத்திருந்தோம் என்றார். நானே கயிற்றைக் கொடுத்திருக்கிறேன், பிடித்துக்கொண்டு ஏறுகிறார்.

"படத்தை வெயில் படாம வெச்சீங்க, சரி" என்றேன். "எம்பொண்ணையும் ஏன் அப்படியே வெச்சிருக்கீங்க?"

கம்ப்யூட்டர் என்றால் கரண்ட் செலவு, கண்டவர்கள் படத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது அழகில்லை, போன் என்றால் எல்லாரும் இருக்கும்போது ஹாலில் வைத்துப் பேசினால் போதாதா என்று சம்பந்தியம்மா வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. அவர் பேசப் பேச நான் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் வருகிறவர்களை எல்லாம் கலாய்க்கிறவள், சட்டத்துக்குள் நிற்கிறவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கடையில வேலை குவிஞ்சு கிடக்கு" என்றேன் அவளிடம். "வர்றியா?"

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். வரும்போது தோளில் ஒரு பை, கையில் கம்ப்யூட்டர் பெட்டி. மாப்பிள்ளையிடம் அவளே போனில் பேசிக்கொள்வாள், வேண்டுமானால் கடைக்கு வந்து நேரிலும் பேசட்டும் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அவர் படத்தைக் காட்டி, அப்போ இதையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். ஆணியிலிருந்து இறக்கக் கையைத் தூக்கினார்.

"இருக்கட்டும் சம்பந்தி" என்றேன். "நல்லா வெயில் படற இடம்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்குக் கொடுத்தேன். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டாள். குழாயைப் பார்த்து என்ன என்று கேட்டாள். எதிர்க்கடை, பிக்மென்ட் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் வேறு மாதிரி ஆகி, முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவம்மா சொன்னேன்" என்றாள். "கலர் அப்படியே இருக்கு, அப்படியே இருக்குன்னு."

ஆமாம், சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் மறுபடியும், சிவப்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன்.