மூக்குத் தாழ்ந்த வண்டி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நானும் ஒரு வார்த்தை பேசியிருக்கிறேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் மூன்று வாரமாக எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஒரு ஊரில் கதிரடிக்கும் களத்தின் ஓரம் உட்கார்ந்து பைகளில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். களத்தின் நடுவில் பழைய பிக்கப் வண்டி ஒன்று. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

முதலில் இப்படித் தொடங்கினேன்: வண்டி வெட்கப்பட்டதுபோல் தலை குனிந்து

அந்த வரியை அடித்துவிட்டேன். வண்டி வெட்கப்படாது. முன்பக்கம் மூன்று விரல் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.

2

வண்டி தேவயானியுடையது. நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் இரண்டாம் கை. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓடை. ஓடையில் ஒரு பாறை. இறங்கும்போது வண்டியின் மூக்கு அதில் இடிக்கும். மறுநாள் காலை மகளிர் குழுவின் சாமை மூட்டைகளை முதல்முறையாகப் போளூருக்கு ஏற்றிப் போக வேண்டும். குழுத்தலைவி சாந்தம்மாள் களத்து மேட்டில் நின்று கண்டிப்பாகச் சொன்னார்.

“ஒரு தபா இடிச்சாலும் அடுத்த லோடு ரங்கசாமி டிராக்டருக்குத்தான்.”

“இடிக்காது அத்தை.”

“போன தபா வெறும் வண்டியில போனப்பவும் இதான் சொன்ன.”

போளூரிலிருந்து வந்த மெக்கானிக் குணசீலன் சமமான இடம் கேட்டிருந்தார். ஊரார் யோசிக்காமல் களத்தைக் காட்டினார்கள். களத்தில் செருப்புப் போடக்கூடாது. வெளியிலேயே நாலு டயரையும் கழுவிய பிறகுதான் சாந்தம்மாள் வண்டியை உள்ளே விட்டாராம். குணசீலனும் வெறுங்காலோடுதான் வண்டிக்கு அடியில் கிடந்தார்.

(முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு முறுக்குக் கம்பி தாங்குகிறது. அதன் போல்ட்டை இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.)

அவர் இரண்டு பக்கத்தையும் ஏற்றினார். பிறகு, கொத்தனார் சுவரில் வைப்பாரே, அந்த ரசமட்டத்தை முன் பம்பர்மேல் வைத்தார். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழ், உயரமான வலது பக்கம் ஒதுங்கியது. இடது தாழ்வு என்று அந்தப் பக்கம் இன்னும் இரண்டு சுற்று இறுக்கினார். குமிழ் நடுவில் வந்து நின்றது.

“பாத்துக்கம்மா. அரிசி மணி வெச்சா கூட உருளாது.”

அவர் கை கழுவினார். தண்ணீர் வண்டிக்கு இடது பக்கமாகவே ஓடியதை நான் பார்த்தேன்.

3

இங்கேதான் எனக்குச் சிக்கல். முதல் பிரதியில் அடுத்த கேள்வியைத் தேவயானியைக் கேட்க வைத்தேன். அவள் கெட்டிக்காரி, பொருந்தும். ஆனால் உண்மையில் அவளுக்கு அது தோன்றவில்லை. என்னைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் அந்தக் கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. எனவே:

“இந்தக் களம் சமமாங்க?”

சாந்தம்மாள் சிரித்தார். “சமமா வெச்சா மழைத்தண்ணி எங்கம்மா போவும்? கெழக்கால சரிச்சுத்தான் மெழுவுவோம்.”

குணசீலன் ஸ்பானரோடு நின்றார். “இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீ சமமா எடம் கேட்ட. இந்த ஊர்ல சமமா கீறது களம்தான்.”

தேவயானி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வருசா வருசம் நானும்தான் சேந்து மெழுவுறேன். தோணவே இல்லையேண்ணா.”

வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். கிழக்கு இப்போது வலது பக்கம். குமிழ் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

“இதுல பாதிதான் போல்ட்டோட தப்பு. மீதி களத்தோடது,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தேவயானிக்குக் கேட்டது.

“அப்ப குமிழு பாதி தூரம் திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்த எறக்குங்கண்ணா.”

இறக்கினார். எண்ணிப் பார்த்தார். “நான் ஏத்துன அதே ரெண்டு சுத்து.”

“நல்ல வேல செஞ்சப்பா,” என்றார் சாந்தம்மாள். “முறுக்கி, அவுத்து.”

4

மறுநாள் பின்னால் மூட்டைகள்மேல் எனக்கும் இடம் கிடைத்தது. இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். வராத சத்தத்தை எப்படி எழுதுவது? வண்டி ஓடைக்குள் இறங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பாறை எங்களுக்கு அடியில் எங்கோ கடந்துபோனது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அக்கரையில் தேவயானி வண்டியை நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்தாள். எழுந்தபோது முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது.

“இன்னாத்துக்கு நிறுத்துன?” என்றார் முன்சீட்டிலிருந்த சாந்தம்மாள்.

“சும்மாதான் அத்தை.”

முடிவுக்கு வருவோம். ‘அடுத்த லோடும் உனக்குத்தான்’ என்று சாந்தம்மாளைச் சொல்ல வைத்தேன். அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்கிறவர் இல்லை. எதிரில் ரங்கசாமியின் டிராக்டர் வருவதாக எழுதினேன். அன்று அது வரவே இல்லை.

நான் பார்த்தது இதுதான். மலை இறங்கும் மூன்றாவது வளைவில், பின்கண்ணாடி வழியாக, சாந்தம்மாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். போளூரில் நான் இறங்கியபோதும் விழிக்கவில்லை. அடுத்த லோடு யாருக்கு என்று, அவர் எழுந்ததும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுப்பப் போவதில்லை.