கம்பி கட்டிய பிடி

…சிவப்பு மெஷினின் பெல்ட் வெடித்திருக்கிறது, பற்களும் மழுங்கிவிட்டன, பச்சைதான் சரி, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை வெண்ணெய் மாதிரி அரைத்துத் தள்ளும், இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது, அப்புறம் என்ன யோசனை… அந்தக் கம்பியா? கையை விட்டால் அரைக்கும் சக்கரம் நிற்க வேண்டும், அதற்குத்தான் லீவர். அதைக் கைப்பிடியோடு சேர்த்து யாரோ கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இனி கால் சறுக்கினாலும் சுற்றும், ஆளே விழுந்தாலும் சுற்றும். பழைய மெஷின் விற்கும் ஒர்க்‌ஷாப்காரர் அதை மறைக்கவும் இல்லை. “முன்னாடி வச்சிருந்தவன் சோம்பேறி, கட்டிட்டான். புது ஸ்பிரிங் உள்ள இருக்கு, அரை மணி நேரம் உட்காருங்க, சும்மாவே மாட்டித் தரேன்.” சும்மா! காசு கேட்டிருந்தால் மறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். “நேரமில்லைங்க” என்றான், அன்றைக்கு வேறு வேலையே இல்லாதவன். “ஓட்டப்போறது நீங்கதானே?” “நான்தான்.”

மச்சான்தான் ஓட்டுவார். மனைவியின் அண்ணன், ரம்பத்தின் இரைச்சலில் பாதிக் காது போனவர், அதோ வண்டி ஓரமாக நின்று கயிறு சுருட்டுகிறார்… தங்கமான மனுஷன். மனைவி சொல்கிறாள், மரம் வெட்டக் கூப்பிடுகிறவர்கள் சொல்கிறார்கள், ‘பெரியவரையே அனுப்புங்க.’ முன்பொரு நாள் அறுபதடி உயரத்தில் கிளை முறிந்ததும் இவன் மரத்தைக் கட்டிக்கொண்டு அம்மா அம்மா என்று அழுதானே, கால்சட்டை நனைந்ததே, ஏறி வந்தது யார்? குழந்தையைப் போல இறக்கி, தன் சட்டையைக் கழற்றி இவன் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, “வா மாப்ள, சாப்பிடலாம்” என்றவர். நான்கு வருஷமாக அவர் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம், நாலு பேர் சிரித்திருப்பார்கள், ஒரு வாரத்தில் ஆறிப்போயிருக்கும்… எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அந்த வாய் மென்றுகொண்டிருப்பது அதைத்தானோ? இல்லை, மறந்தே போய்விட்டாரோ? மறந்திருந்தால் இன்னும் மோசம், இத்தனை வருஷம் இவன் மட்டும் தனியாக வெந்திருக்கிறான்.

பலகை சாய்த்து மெஷினை வண்டியில் ஏற்றும்போது ஒர்க்‌ஷாப்காரருக்கு மனசு கேட்கவில்லை போல, வாசலிலிருந்து மச்சானைப் பார்த்துக் கத்தினார். “அண்ணே, கைய விட்டாலும் சக்கரம் நிக்காது, கம்பிய மொதல்ல அவிழ்த்துடுங்க!” மச்சான் காதருகே கையைக் குவித்தார். “என்ன மாப்ள சொல்றாரு?”

“பாத்து ஏத்தச் சொல்றாரு மச்சான்.”

மச்சான் சிரித்தபடி அவரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் அவரும் உள்ளே போய்விட்டார். “நீ எட்ட நில்லு மாப்ள, சறுக்கி உன் கால்ல விழுந்துடப் போகுது” என்று மச்சான் மொத்தப் பாரத்தையும் தன் தோளில் வாங்கிக்கொண்டார். எட்ட நின்றான்.

வண்டி கிளம்பிச் சந்தையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது, அந்தப் பதிலைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லையே, திக்கவில்லையே… யோசித்துச் சொன்ன பொய்யென்றால் ஆத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம், இது எங்கே இருந்தது, எத்தனை நாளாக? இப்போதுகூட ஒரு வார்த்தை போதும், நிறுத்தி, அந்தக் கம்பியை… மச்சான் சட்டென்று திரும்பினார். “ஏதாச்சும் சொன்னியா மாப்ள?”

சொன்னானா? உதடு அசைந்தது போலத்தான் இருந்தது. ஒன்றுமில்லை என்று தலையாட்டினான், அதற்கும் அவன் யோசிக்கவில்லை.