வெள்ளைக் கதவு

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்புவதற்குள் பல் துலக்கிவிடுவேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போட்டுக்கொள்வேன். மிச்சப் பால் மதியத்துக்குள் திரிந்துவிடும். மாலையில் வந்து கொட்டிப் பாத்திரத்தைக் கழுவுவேன். பால்காரரிடம் பாதியாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

பிறகு வாசலுக்கு வந்து கார் மேல் போர்த்திய சாம்பல் நிற உறையை நீக்குவேன். முதலில் வெறும் தண்ணீர். அப்புறம் ஷாம்பூ. துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, மெழுகு டப்பாவைத் திறப்பேன். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெயில் படக்கூடாது. மெழுகு காய்ந்து மங்கலாகப் பூத்த பிறகு மெல்லிய துணியால் துடைத்தெடுத்தால் பெயிண்ட் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை போட்டால் சில மாதங்கள் தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்தவன். மெழுகின் மேல் மெழுகு பூசுவதால் ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேய்க்கும்போது கை மட்டும் வேலை செய்கிறது. அது போதும்.

எதிர்வீட்டு இருசம்மாள் வாசல் தெளித்துக்கொண்டே பேசுவார்.

"இன்னா தொரை, தெனம் எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டிக்கினு கெடக்கற. பல்லு மொளச்சிடுச்சா அதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரும். வந்த உடனே வெட்கமாக இருக்கும்.

காரை நானும் அம்சவள்ளியும் சேர்ந்துதான் பதிவு செய்தோம். அவள் சிவப்புதான் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள், சொல்ல மாட்டாள். சிவப்பு வெயிலில் வெளுத்துவிடும், வெள்ளையில் சின்னக் கீறல் தெரியாது, விற்கும்போதும் நல்ல விலை போகும் என்று விளக்கினேன். வெள்ளையையே எழுதிக் கொடுத்தோம். ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரை போட்டோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அதே வாரத்தில் கார் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் போன் செய்தார்கள். வண்டியை நிறுத்தி வைக்க இடமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுத்து வந்தேன். இருசம்மாள் வீட்டு வாசலில் நாலு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் புது காரிலிருந்து இறங்கியதும் பேச்சு நின்றது. அன்றைக்கே கடைத்தெருவுக்கு நடந்து போய் உறை வாங்கி வந்து மூடினேன்.

துக்க வீடு. வருஷம் திரும்பும் வரை நல்லது எதுவும் செய்யக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டுத் திருநாவலூருக்கே திரும்பிப் போனார். அதனால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. பொட்டும் வைக்கவில்லை. சீட்டின் பிளாஸ்டிக்கைக் கூடக் கிழிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பானட்டில் மெழுகு காய்ந்துகொண்டிருந்தபோது அத்தை வந்தார். அம்சவள்ளியின் அம்மா, குஞ்சம்மாள். கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். மாமா மாயவன் இறந்து பல வருஷம் ஆகிறது. மலையில் தனியாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி.

என் கையில் ஸ்பாஞ்ச் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மகள் செத்த வீட்டில் மருமகன் காருக்கு மெருகு ஏற்றிக்கொண்டு நிற்கிறான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். தொடவில்லை.

"இதானா அது? பாலு மாரி இருக்குது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பொட்டு வெக்காம ஓட்டிக்கினு திரியறியாமே. ஒங்கம்மா போன்ல சொல்லிச்சி. எனக்கு அதுலேர்ந்து சோறு எறங்கல. ஒண்ணு போச்சி. நீயும் எங்கனா போயி மோதிக்கினன்னா?"

பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அவர் வீட்டு மரத்தில் காய்த்தது. அடுத்து ஒரு சின்ன டப்பா. வீட்டிலேயே அரைத்த மஞ்சள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். இருசம்மாள் உள்ளே போயிருந்தார்.

"நான் வெக்கக்கூடாதுதான். வள்ளி இருந்தா அவ வச்சிருப்பா. சாமிய நெனச்சிக்கினு ஒரு பொட்டு வச்சிடறேன். யாரும் பாக்கல."

மூன்று விரலை மஞ்சளில் தோய்த்துக் குனிந்தார். என் கை தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம் அத்த" என்றேன்.

மெழுகு காயவில்லை. மஞ்சள் சாயம் அதில் இறங்கினால் வெள்ளையில் அப்படியே நின்றுவிடும். நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் அத்தை தன் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிடிபட்டவரின் முகம் அது. அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது.

"ஆமாங்க மாப்ள" என்றார். "எனக்குத்தான் புத்தி இல்ல. தாலியறுத்தவ கைய வெக்கலாமா? நீங்க பாத்துத் தடுத்தீங்க, நல்லதாப் போச்சி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை நீ என்றுதான் சொல்வார். தன் புடவை ஓரத்திலேயே விரல்களைத் துடைத்துக்கொண்டார். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நானோ பானட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், மஞ்சள் எங்காவது சிந்தியிருக்கிறதா என்று. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

சாப்பிடச் சொன்னேன். பசிக்கவில்லை என்றார். எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் மேலே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"எதுக்குங்க? வண்டி அழுக்காவும்."

நான் விடவில்லை. பையை வாங்கி காரில் வைத்தேன். பின் கதவைத் திறந்தார், முன்னால் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றி, ஒன்றோடு ஒன்றைத் தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். அவர் அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் சத்தம் போட்டது. அதனால் அசையாமல் இருக்கப் பார்த்தார்.

கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தினேன். கடை ஓரமாக நின்று குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு, எப்போதும் கேட்பதை அன்றும் கேட்டார்.

"அவ கடைசியா சொன்னத இன்னொரு வாட்டி சொல்லுங்க."

காரியத்தன்று எல்லாருக்கும் நடுவில் முதல் தடவை இதைக் கேட்டார். அன்றைக்கு அழாத ஒரே ஆள் நான்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது கொடுத்தாக வேண்டியிருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். பெண்கள் ஓவென்று அழுதார்கள். அத்தை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு போனில் பேசும்போதெல்லாம் அதையே கேட்பார். கரியாலூர் முழுக்க அதைச் சொல்லி வைத்திருக்கிறார். என்னிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். அது நான் இட்டுக்கட்டியது.

"'எங்கம்மாவப் பாத்துக்க'ன்னா" என்றேன்.

தலையை ஆட்டினார். பக்கத்துப் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கி மடித்து வாயில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். நான் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டேன்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். சாமை நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டேன். "ம்" என்றார். முழங்கால் வலி எப்படி என்றேன். அதற்கும் "ம்" என்றார். ஒரு வளைவில் முன் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண் கலங்கி, உதடுகள் இறுகியிருந்தன. அழுகிறார் என்று நினைத்தேன். அழட்டும், பார்க்கக்கூடாது என்று கண்ணாடியை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டேன். அதை மரியாதை என்று நினைத்தேன். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்க இடமில்லை. உண்ணிச்செடிகள் தார் ரோடு வரை நீட்டிக்கொண்டிருந்தன. கதவில் உரசாமல் ஓட்டுவதிலேயே என் கவனம் இருந்தது.

கதவை ஏதோ தடவும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அத்தையின் கை கதவின் உள்பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. அவர் அழவில்லை. வாய் நிறைய வெற்றிலைச் சாறு. எத்தனை வளைவுகளாக அதை அடக்கிக்கொண்டு வந்தாரோ. கண்ணாடியை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாயைத் திறக்க முடியவில்லை.

என் பக்கத்து பட்டனை அழுத்தி அவர் கண்ணாடியை இறக்கினேன்.

"துப்புங்க அத்த."

தலையை ஆட்டி மறுத்தார். விரலால் கதவைக் காட்டினார். வெளியே நீட்டி வெள்ளையைக் காட்டினார்.

"பரவால்ல. துப்புங்க."

மறுபடியும் மறுத்தார். கடைவாயில் சிவப்பு கசிந்து தாடைக்கு இறங்கியது. முந்தானையைப் பிடித்து அதில் துப்பிக்கொள்ளப் போனார்.

"அத்த!" என்று கத்திவிட்டேன். அம்சவள்ளியிடம் கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "துப்பு அத்த!"

தலையை வெளியே நீட்டித் துப்பினார். காற்று அதை வாங்கி பின் கதவு முழுக்க அடித்தது.

அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தினேன். பஸ் திட்டிக்கொண்டே தாண்டிப் போனது. நான் இறங்குவதற்குள் அத்தை வெறுங்காலோடு இறங்கி, முந்தானையால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் போட்ட மெழுகில் சிவப்பு வழுக்கி வழுக்கி இன்னும் பரவியது.

"வுடு அத்த. இருக்கட்டும்."

"எப்டி பளபளன்னு வச்சிருந்தீங்க" என்றார், மூச்சு வாங்க.

"காலையில நான் கையப் புடிச்சது, நீங்க வெக்கக்கூடாதுன்னு இல்ல" என்றேன். "சாங்கியமெல்லாம் எனக்கு நெனப்பிலேயே வரல. மெழுகு ஈரமா இருந்திச்சி. மஞ்சா புடிச்சிக்கும்னு பயந்துட்டேன். அவ்ளோதான்."

தேய்ப்பதை நிறுத்தினார்.

"பெயிண்டுக்கா?"

தலையை ஆட்டினேன்.

"நான் அறுத்தவன்னு தடுத்தன்னு நெனச்சிக்கினு வந்தேன். அது ஊர்ல இருக்கறதுதான், மனசு ஆறிப்போச்சி." என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெயிண்டுக்காடா?"

அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. கீழே பள்ளத்தில் யாரோ மாட்டை அதட்டும் குரல் கேட்டது. அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் காலை மஞ்சள் இருந்தது. அதன் மேல் சிவப்பு.

"நீ பொய் சொல்ல மாட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் மெதுவாக. "மொதல்லேர்ந்தே எனக்கு ஒண்ணு ஒதச்சிக்கினே இருக்குது. பேச்சு வந்த நாள்லேர்ந்து அவ என்ன அம்மான்னு கூப்ட்டதே கெடையாது. சாவப்போறப்ப மட்டும் எப்டி அம்மான்னா?" கதவில் கையை ஊன்றிக்கொண்டார். "நெசமா இன்னா சொன்னா?"

அவள் இறப்பதற்கு முந்தைய நாள் மாலை, ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. அதுதான் முதல் போன். வண்டி வந்துவிட்டதாம், வெள்ளை நன்றாக இருக்கிறதாம் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். ஒன்று சொன்னாள். நானும் சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பிறகு தூங்கிவிட்டாள். விடியும்போது எழுந்திருக்கவில்லை. நான் சத்தமாகச் சிரித்த ஒரு பேச்சை, அழுகிறவர்கள் நடுவில் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தை காத்திருந்தார். ஒரு கை கதவின் மேல் இருந்தது. சாறு கைப்பிடிக்குக் கீழே இறங்கி, சக்கரத்தின் பக்கமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்ன மாதிரியே, அவள் குரலிலேயே சொல்லப் பார்த்தேன்.

"அதுக்குத்தான் செவப்பு கேட்டேன். கெழவி வெத்தல துப்பினா தெரியாது."